பிழையாகக் காட்டிக் கொடுத்தால் ரோபோ என்ன பழகும்?

லீவுக்கு இரணைமடுவுக்குப் போனால் உடுப்பு மடிக்கிற வேலை எனக்கும் தங்கச்சிக்கும்தான். காய்ந்த துவாய்களை உம்மா இரண்டாக மடிப்பார்; ராத்தா மூன்றாக மடிப்பார். இருவரையும் பார்த்துப் பழகிய தங்கச்சி மடித்தால் ஓர் ஓரம் வெளியே தொங்கும்.

ரோபோவுக்கும் இதே சிக்கல்தான். துவாய் நெசவுக்குப் பெயர்போன தமிழ்நாட்டுக் கரூரில், 2025இல் இளைஞர்கள் நெற்றியில் கமரா கட்டிக்கொண்டு துவாய் மடித்தார்கள். விற்பதற்கல்ல, ரோபோக்களைப் பழக்குவதற்கு! ஒன்றை மடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தாலோ, ஒரு படி தவறினாலோ திரும்பவும் முதலிலிருந்து மடிக்க வேண்டும். சின்னப் பிழைகளுக்காகவே பல வீடியோக்கள் அழிக்கப்பட்டன.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? துவாய் எதற்கு என்று ரோபோவுக்குத் தெரியாது. கண்ட அசைவைத் திருப்பிச் செய்வது மட்டுமே அதன் வேலை. மேசையில் ஒரு கோப்பை இருக்கிறது. ஒருவர் அதற்கு இடப்பக்கத்தாலும் இன்னொருவர் வலப்பக்கத்தாலும் கையைக் கொண்டு போகிறார்கள். எளிய முறையில் பழகிய ரோபோ இரண்டுக்கும் சராசரி எடுத்து, நேரே போய்க் கோப்பையைத் தட்டிவிடும். காட்டுபவர் தயங்கி நின்றால் அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே பழகும்.

2021இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் உள்ளிட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். கைதேர்ந்த ஒருவர் 200 தடவை செய்து காட்டினார். திறமை கூடியவரும் குறைந்தவருமாக ஆறு பேர், ஆளுக்கு 50 தடவையாக 300 தடவை காட்டினார்கள். கடினமான வேலைகளில் அந்த 200இல் பழகிய ரோபோவே அதிகம் வென்றது.

அப்படியென்றால் பிழையே வேண்டாமா? அங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டீன் பொமர்லோ, பாதையைப் பார்த்துத் தானாக வண்டி ஓட்டும் முறையொன்றை வெளியிட்டார். நல்ல சாரதி பாதையை விட்டு விலகுவதே இல்லை. ஆகவே விலகினால் எப்படித் திரும்புவது என்பதை அவரிடமிருந்து அது பழகவே முடியாது. அதனால் வண்டி விலகி நிற்பதுபோன்ற படங்களையும் உருவாக்கிக் கொடுத்தார்கள்.

நழுவிய துவாயை மறுபடி பிடித்துச் சரியாக மடித்த வீடியோவும் கரூரில் அழிந்திருந்தால், என் கணிப்பில் அது நட்டம். கடைசிவரை கோணலாகவே போனதை அழிக்கலாம். கோணலிலிருந்து மீண்டதை வைத்திருக்க வேண்டும்.

போன லீவில் தங்கச்சியிடம் வேண்டுமென்றே கோணலாக மடித்த துவாயொன்றைக் கொடுத்து, "விரிக்காமல் இதை நேராக்கு" என்றேன். மூன்றாம் தடவையில் செய்துவிட்டாள்.