குரோம் சிலிண்டர்ல கோடு: பிளேடா குற்றவாளி?

பிஸ்கட் கவர் அச்சடிக்கிற கிராவ்யூர் சிலிண்டர்ல கீறல் விழுந்தா, மிச்ச மையை வழிக்கிற டாக்டர் பிளேடு மேலதான் எல்லாரும் பழி போடுவாங்க. நானும் போட்டேன். ஆனா ஸ்டீல் பிளேடைவிட குரோம்தான் கெட்டி! கீறுறது பெரும்பாலும் நடுவுல மாட்டின துகள்: காய்ஞ்ச மைக்கட்டி, வெள்ளை மையோட டைட்டானியம் டை ஆக்சைடு, பெயர்ந்த குரோம் பொடி.

கோட்டைக் கவனிங்க. பிளேடு பக்கவாட்டுல அசைஞ்சுக்கிட்டே இருக்கும்; அதுல ஒட்டின துகள் வளைஞ்சு வளைஞ்சு கீறும். நேர்க்கோடா? பிளேடு அசையுதான்னு முதல்ல பாருங்க.

குரோம் பூச்சு 5–10 மைக்ரான்தான். செம்பு நிறம் தெரிஞ்சா உடனே மிஷினை நிறுத்துங்க. குரோம் மட்டும் தேஞ்சிருந்தா உரிச்சுட்டு மறுபடி பூசலாம். செம்புல இருக்கிற மைக்குழிகளே தேஞ்சுட்டா, டிசைனைப் புதுசா பொறிக்கணும்.