கணினிகளைப் பிணைக்கும் கம்பி



நம் பினாங்கிற்குக் கம்பி வழிச் செய்தி புதிதன்று. 1870-71ஆம் ஆண்டுகளிலேயே சென்னையிலிருந்து பினாங்கிற்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. 2002ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக ஒரு கண்ணாடி இழை வடமும் இங்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்து வரும் செய்தி, பள்ளிக்குள் அறைக்கு அறை செல்லவும் ஒரு வழி வேண்டுமன்றோ? ஒரு வளாகத்துக்குள் கணினிகளைக் கம்பியால் பிணைக்கும் அவ்வழியே உள்ளகக் கணினிப் பின்னல் எனப்படும்.

1973ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் ஆய்வகத்தில், ராபர்ட் மெட்கால்ஃப் என்பார் இம்முறையை வகுத்தார்; டேவிட் போக்ஸ் உடனிருந்து உருவாக்கினார். 'ஈதர்நெட்' என்பது அதன் பெயர். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தில் இணைந்திருந்தன. ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் அனைத்தும் முடங்கும். இக்காலத்திலோ, நடுவில் 'சுவிட்ச்' என்னும் பெட்டியை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனி வடம் இழுக்கின்றனர். பொதுத் தொட்டியிலிருந்து லயத்து வீடுகளுக்குத் தனித்தனிக் குழாய் போட்டாற்போன்றது இது. ஒரு குழாய் அடைபட்டால் ஒரு வீட்டிற்கே தண்ணீர் நிற்கும்.

கம்பியில்லா 'வைஃபை' இருக்கக் கம்பி எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவுவர். முப்பது பிள்ளைகள் ஒரே வேளையில் பயிலும்போது, அவர்கள் அனைவரும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். கம்பியிலோ ஒவ்வொருவருக்கும் தனிப்பாதை உண்டு.

வடத்தினுள் எட்டுச் செம்புக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்காக அன்று. அயல் மின்சாரத்தின் இடையூற்றைத் தணிப்பதற்காகும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல், 1881ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆதலின் முனையில் செருகி பொருத்துவோர் முறுக்கை அதிகம் பிரித்தல் ஆகாது. இரு முனைகளிலும் நிற வரிசை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். செம்பு வடம் 100 மீட்டரைத் தாண்டலாகாது.

அமைப்பதினும் பேணுவதே கடினம். கணினி வாங்க நன்கொடை தருவோர் பலர். வடத்திற்கும் செருகிக்கும் தருவோரைக் காண்பது அரிது! பால்மர நிரைக்கு எண்ணிடுவதுபோல், ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டிவிட்டால், பழுது பார்க்கும் நாளில் பாதி வேலை குறையும். கணினி இணையவில்லையெனில், முதலில் சுவிட்சிலுள்ள சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியவில்லையெனில், நன்றாக இயங்கும் வேறொரு வடத்தை மாற்றிப் பாருங்கள். அப்போது எரிந்தால் பழுது பழைய வடத்தில்தான். கீழே கிடக்கும் முனையை வெற்றுத் துளையில் செருகுவது சிறுவர் இயல்பு. ஒரே வடத்தின் இரு முனைகளும் ஒரே சுவிட்சில் சேர்ந்துவிட்டால், செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகிப் பின்னல் முழுதும் திணறிப்போகும்.

எலியினும் கொடிய பகை இடி மின்னல். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பகுதியில் மாலை இடி மிகுதி. மின்னல் பள்ளியின்மீதே விழ வேண்டுமென்பதில்லை. அருகில் விழுந்தாலும், இரு கட்டடங்களுக்கிடையே கட்டிய செம்பு வடத்தில் மின்வேகம் பாய்ந்து கணினிகளைக் கருக்கிவிடும். எனவே கட்டடத்திலிருந்து கட்டடத்திற்கு உலோகம் கலவாத கண்ணாடி இழை வடமே தக்கது. விலை சற்றுக் கூடுதல்தான். எனினும் கருகிய கணினிகளின் விலையோடு ஒப்பிடுங்கள். பள்ளி முடிந்ததும் மின்செருகிகளைக் கழற்றிவிடுக. இடி முழங்கத் தொடங்கிய பின் கம்பியைத் தொடாதீர்.