டெல்ஃப்ட் ஓவியத்தில் ஓர் அரபுக் கருவி

பதினேழாம் நூற்றாண்டின் ஹாலந்து ஓவியர்கள் அன்றாட இல்லற வாழ்வைத் தம் கருப்பொருளாகக் கொண்டனர். தனித்திருந்து இசைக்கருவி மீட்டுவோர் அவர்கள் விரும்பித் தீட்டிய காட்சிகளுள் ஒன்று. டெல்ஃப்ட் நகரத்து யோஹன்னஸ் வெர்மீர் (1632–1675) ஏறத்தாழ 1662–63இல் வரைந்த 'லூட் ஏந்திய பெண்' அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 51 செ.மீ. உயரமே உடைய அது, இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மேசையருகே அமர்ந்த இளம்பெண் பிரடையைத் திருகிச் சுருதி சேர்க்கிறாள்; பார்வையோ சன்னலுக்கு வெளியே செல்கிறது. மேசைமீது பாட்டேடுகள்; தரையில் வில்லால் மீட்டும் பெரிய நரம்புக் கருவி ஒன்று; சுவரில் ஐரோப்பாவின் நிலப்படம். உடன் இசைக்கவிருப்பவரை அவள் எதிர்நோக்குகிறாள் எனக் கொள்ள இடமுண்டு.

அவள் மடியிலுள்ள கருவியே நம் சிந்தனைக்குரியது. 'லூட்' என்பது 'அல்ஊத்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. 'ஊத்' என்றால் மரம். அகிற்கட்டைக்கும் அரபியர் அப்பெயரே வழங்குவர். அந்தலுஸ் வழியாகவும் பிற வழிகளாலும் ஐரோப்பா புகுந்த அக்கருவிக்கு, அங்குள்ளோர் கழுத்தில் நரம்பு மெட்டுகளைக் கட்டினர்; பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டுகோலை விடுத்து விரல்களால் மீட்டலாயினர். கருவி மாறியது, பெயர் நிலைத்தது.

இசை பற்றிய தர்க்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1574இல் டோர்ட்ரெக்டில் கூடிய சீர்திருத்தத் திருச்சபையார், வழிபாட்டில் ஆர்கன் இசைப்பதை ஏற்கவில்லை. தாமே லூட் மீட்டுபவரான கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் 1641இல் ஆர்கனுக்கு ஆதரவாக நூல் எழுதினார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இப்பொருளை நுணுகி ஆராய்கிறார். இனிய ஒலி என்பதனாலேயே ஒன்று ஹராமாகாது. அவ்வாறாயின் பறவையின் குரலும் விலக்கப்பட்டிருக்கும் என்பது அவர் வாதம். ஆயினும் நரம்புக் கருவிகளை அவர் விலக்குகிறார். அவை மது அருந்துவோரின் அடையாளமாயிருந்தன என்பதே அவர் கூறும் காரணம்.

ஹாலந்து ஓவியங்கள் பலவற்றில் லூட் மதுக்கோப்பையோடுதான் தோன்றுகிறது. வெர்மீரின் இவ்வறையில் கோப்பை இல்லை, அமைதியே நிலவுகிறது. இதனைக் காட்டி மார்க்கத் தீர்ப்பை மாற்றக் கோருவது நம் நோக்கமன்று. ஓவியம் சட்ட ஆதாரமாகாது. ஆனால் விலக்கின் 'இல்லத்' எதுவென ஆராயாமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் கல்வியாளர்க்கு அழகன்று. காரணத்தை அறிந்தபின் பேசுவதே இமாம் நமக்குக் காட்டிய நெறி.