கியூபெக்கின் அணுக்கழிவு எங்கே போகும்?

கியூபெக்கில் மின்சாரம் என்றாலே அணைக்கட்டுகள்தான் நினைவுக்கு வரும். அணுக்கழிவு ஒன்ராறியோவின் தலைவலி என்று மொன்றியலில் இருந்துகொண்டு நினைப்பது எளிது. ஆனால் ஆற்றோட்டத்தில் இந்நகருக்குக் கீழே, சென் லோறன்ஸ் கரையிலுள்ள பெக்கான்கூரில் ஹைட்ரோ-கியூபெக்கின் ஜென்ரிலி-2 அணுமின் நிலையம் 1983 முதல் 2012 டிசெம்பர் வரை இயங்கியது. அது விட்டுச்சென்ற ஏறத்தாழ 130,000 எரிபொருள் கட்டுகள் இன்றும் அங்கேயே கொங்கிறீட் பெட்டகங்களுக்குள் கிடக்கின்றன. ஒரு கட்டு அரை மீற்றர் நீளம், சுமார் 24 கிலோ. பார்வைக்கு அடுப்பு விறகு அளவுதான். அதன் கதிரியக்கம் இயற்கை யுரேனியத் தாதுவின் அளவுக்குத் தணியப் பத்து இலட்சம் ஆண்டுகள் செல்லும்.

இவற்றையும் சேர்த்துப் புதைக்கத்தான் அணுக்கழிவு மேலாண்மை நிறுவனம் 2024 நவம்பரில் வடமேற்கு ஒன்ராறியோவின் இக்னேஸ் பகுதியைத் தேர்ந்தது. செம்பு பூசிய எஃகுக் கலன், அதைச் சுற்றி நீர் பட்டால் உப்பி இடைவெளியை அடைக்கும் பென்ரனைட் களிமண், அதற்கும் வெளியே 650 மீற்றருக்குக் குறையாத ஆழத்தில் கருங்கல் பாறை: ஒன்று கைவிட்டாலும் மற்றது தாங்கும் என்பது ஏற்பாடு. ஜெர்மனியின் அஸ்ஸெ சுரங்கத்தில் நீர் புகுந்ததே என்று கேட்பார்கள். அது உப்புக்காகத் தோண்டி, பிறகு கழிவைக் கொட்டிய பழைய சுரங்கம். கழிவுக்கென்று தேர்ந்த இடமல்ல. 2014இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நிலத்தடி அணுக்கழிவுக் களஞ்சியத்தில் பீப்பாய் வெடித்ததற்கும் பாறை காரணமில்லை. ஈரம் உறிஞ்சப் போடும் பொருளை மாற்றிப் போட்டுவிட்டார்கள்: பூனைக் கழிவுக்கு இடும் தூளில் களிமண் வகைக்குப் பதிலாகத் தாவர வகையை! மேலேயே வைத்துக் காவல் காக்கலாமே என்பது இன்னொரு வாதம். ஆயிரம் ஆண்டுக்குக் காவல்காரர் சம்பளத்தை உறுதிசெய்யக்கூடிய அரசு எதுவும் உலகில் இல்லை. ஆகவே புதைப்பதே மேல் என்பேன்.

ஆனாலும் பாறையை விடக் கடினமானது மக்களின் சம்மதம். ஆழத்தில் புதைப்பது கருத்தளவில் பாதுகாப்பானதுதான், ஆனால் பொதுமக்கள் ஆதரவு இல்லை என்று 1998இலேயே கூட்டாட்சி ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. 2020இல் சோகீன் ஒஜிப்வே மக்கள் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களிக்க, ஹியூரன் ஏரிக்கரையில் குறைந்த, இடைநிலைக் கதிரியக்கக் கழிவைப் புதைக்கும் திட்டம் கைவிடப்பட்டது. இக்னேஸும் வாபிகூன் லேக் ஒஜிப்வே மக்களும் வாக்கெடுப்பு நடத்திய பிறகே இப்போதைய தேர்வு நடந்தது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் கழிவு கடந்துசெல்லப்போகும் ஊர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. வழிநெடுக ஒவ்வோர் ஊருக்கும் தடுப்பதிகாரம் கொடுத்தால் எதுவுமே நகராது என்பது உண்மை. அதற்காக, எந்தப் பாதை, விபத்தானால் முதலில் வருவது யார் என்று கேட்கும் உரிமையும் இல்லாமல் போய்விடாது. அந்த மின்சாரத்தை அனுபவித்த மாகாணத்துக்கு அது கடமையும்கூட. திட்டம் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது மொன்றியல் தமிழர்களும் எழுதுங்கள். பெக்கான்கூரிலிருந்து புறப்படும் பாதையைப் பற்றி முதலில் கேளுங்கள்.