கடலைப் பார்த்த மனை: ராமநாதபுரம் கரையில் இடம் வாங்குமுன்

ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டிக் கரைகளிலும் மனை தேடி வருகிறவர்கள் பலவகை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்து ஊரில் ஒரு வீடு கட்ட நினைக்கும் சபுராளிகள் ஒரு வகை. விடுமுறைக்கு வந்து தங்க ஒரு வீடு வேண்டும் என்னும் நகரவாசிகள் இன்னொரு வகை. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. 2017இல் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை சாலை வந்ததும், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் இவர்களின் ஆர்வத்தைக் கூட்டியிருக்கின்றன. ஆனால் கடற்கரை நிலத்துக்குப் பத்திரம் மட்டும் போதாது. யார் வாங்கலாம், அங்கே என்ன கட்டலாம், அந்தக் கரையை யார் புழங்குகிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தாக வேண்டும்.

வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு அரசு தரும் அட்டை) உள்ளவரும் இந்தியாவில் வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடுவதில்லை. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கரையில் இது பெரிய தடை. தென்னந்தோப்பும் பனங்காடும் ஆவணத்தில் பெரும்பாலும் புஞ்சை. ‘தம்பி பேரில் எழுதிவைப்போம்’ என்பது இதற்குத் தீர்வாகாது. சட்டப்படி தம்பியே உரிமையாளராகிவிடுவார். பினாமிச் சட்டமும் குறுக்கே வரலாம். கடலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையின் குடிமக்கள், ஓசிஐ அட்டை இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி இல்லாமல் இங்கே சொத்து வாங்க முடியாது. பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். அயல்நாட்டில் இருந்தபடி பவர் கொடுப்பவர் இந்தியத் தூதரகத்தில் அதற்குச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம்; அந்த ஆவணம் இங்கு வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

இதே பணத்தை ஐரோப்பாவில் போடலாமே என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் வீடும் வாங்கலாம். ஆனால் வீடு வாங்கினால் வசிப்புரிமை என்ற கவர்ச்சி அங்கே மங்கி வருகிறது. போர்ச்சுகல் 2023 அக்டோபரில் அந்த வழியை மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் முதலீட்டுக்கு வசிப்புரிமை தரும் திட்டத்தையே கைவிட்டது.

எந்த நாட்டிலும் கடலோர வீட்டின் தலையெழுத்தைக் கடலோரச் சட்டமே தீர்மானிக்கிறது. ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரையைப் பொதுச்சொத்து என்று அறிவித்தது. அந்த எல்லைக்குள் வீடு வைத்திருந்தவர்கள், அயல்நாட்டார் உட்பட, உரிமையாளர் என்ற நிலையிலிருந்து குறிப்பிட்ட காலம் அனுபவிக்க அனுமதி பெற்றவர்கள் என்ற நிலைக்கு இறங்கினார்கள். இந்தியாவில் 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அதன் பிடி உண்டு. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்பது பழைய விதி. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. பவளப்பாறை, கடற்புல், அலையாத்திக் காடு, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை மிகக் கடுமையான பாதுகாப்பில் வருகின்றன. ராமநாதபுரத்துக் கரையில் இவையெல்லாமே இருக்கின்றன. எதிரே தெரியும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

விதியை மீறிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியின் மரடு சாட்சி. கடலோர விதியை மீறியதாக 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 4 அடுக்குமாடித் தொகுதிகள், 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே வீடு வாங்கியிருந்தவர்கள் கையில் பதிவுசெய்த பத்திரம் இருந்தது. உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதியும் இருந்தது. இரண்டும் அந்தக் கட்டடங்களைக் காக்கவில்லை.

தனுஷ்கோடி இன்னும் கண்டிப்பான இடம். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தபின் அரசு அதை வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. அந்தப் பகுதியில் 2025இல் பூநாரைச் சரணாலயமும் வந்துவிட்டது. அங்கே ‘சீ வியூ’ மனை என்று எவராவது சொன்னால் பேச்சை அதோடு முடித்துக்கொள்வதே நல்லது.

ஆவணங்களில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சர்வே எண் கடற்கரைப் புறம்போக்கா என்பதை அ-பதிவேடு காட்டும். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்னும் அரசு இணையதளத்தில் அதைப் பார்க்கலாம். பத்திரத்தின் நான்கெல்லையில் ஒரு பக்கம் கடற்கரைப் புறம்போக்கு என்று இருந்தால், தரையில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று அளந்தே பார்க்க வேண்டும். காற்றுக் காலத்தில் மணல் இடம் மாறும், வேலிக்கல்லும் புதையும். லேஅவுட் மனையென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் கட்டாயம். 2016க்குப் பிறகு அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

தண்ணீர் பத்திரத்தில் வராத விஷயம். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. ஊற்றில் குடம் குடமாக அள்ளும்வரை அது நிற்கும். ஒரு பண்ணை வீடோ ரிசார்ட்டோ ஆழ்துளை போட்டு மோட்டாரில் இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். அப்புறம் அக்கம்பக்கத்து ஊற்றுகளும் கெடும். நீச்சல் குளம் கட்டுகிறவர் ஊர்க்காரரின் குடிநீரைச் செலவழிக்கிறார் என்பதே உண்மை.

வில்லங்கச் சான்றில் காணாத இன்னொன்று, கரையின் புழக்கம். வள்ளம் ஏற்றும் இடம், வலை காயப்போடும் மேடு, கரைவலை இழுக்கும் பாதை, கடல்பாசி எடுக்கும் பெண்கள் இறங்கும் தடம் ஆகிய எதுவும் பட்டாவில் இருக்காது. ஆனாலும் தலைமுறைகளாக அவை மீனவர் பிழைப்பின் பகுதி. கம்பி வேலி போட்டதும் தகராறு அங்கேதான் தொடங்கும். அதில் மீனவர் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கும். மீனவ ஊர்த் தலைவரிடம் ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுப்பது, வக்கீலிடம் காட்டும் அளவுக்கு அவசியமானது.

கடலோர மண்டல வரைபடங்களைத் தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலான ஆணையமும் இயங்குகிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணைக் கொண்டுபோய் அங்கே விசாரியுங்கள். அந்த எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.