ஏழு நாள் கெடு

பேய்ப்படம் என்றதும் ரத்தமும் அலறலும்தானே நினைவுக்கு வருகின்றன? அந்த எண்ணத்தோடு 'ரிங்கு' பார்க்க உட்கார்ந்தால் ஓர் இனிய அதிர்ச்சி காத்திருக்கிறது.

கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவலைத் தழுவி, ஹிதேயோ நகாதா இயக்கிய ஜப்பானியப் படம் இது. வெளிவந்த ஆண்டு 1998. ஒரு வீடியோ கேசட். அதைப் பார்த்தவர் ஏழே நாளில் இறந்துபோகிறார். துப்புத் துலக்கக் கிளம்பும் பெண் நிருபரும் அதைப் பார்த்துவிடுகிறார். பிறகு அவருடைய சின்ன மகனும்! அங்கிருந்து, நாளை எண்ணிக்கொண்டு ஓடும் துப்பறியும் கதையாகவே படம் விரைகிறது. ரத்தம் ஏறக்குறைய இல்லை. நம்மை உலுக்குவது மௌனமும், திடீரென ஒலிக்கும் தொலைபேசி மணியும்தான்.

கிணற்றிலிருந்து எழுந்துவரும் பேயான சடாக்கோவின் நடை மறக்கவே முடியாதது. அது ஏன் அத்தனை விபரீதமாகத் தெரிகிறது தெரியுமா? அந்த வேடத்தில் நடித்த ரியே இனோ பின்னோக்கி நடந்தார். அந்தக் காட்சியைத் தலைகீழாக ஓட்டி, முன்னோக்கி வருவதுபோல் ஆக்கினார்கள். இவ்வளவு எளிய உத்தி இத்தனை பயமுறுத்துகிறதே, அதைத்தான் நான் வியந்து வியந்து பார்த்தேன்.

2002இல் ஹாலிவுட் இதை 'தி ரிங்' என்று மறுபடி எடுத்தது. அதைப் பார்த்தவர்களும் மூலப் படத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள்.