கம்ப்யூட்டருக்கு சொந்தமா 'வாட்டர் பிளாக்' செய்யலாமா? செம்புக் கட்டி சூட்டைத் தணிப்பது எப்படி?

வீடியோ எடிட் பண்ணும்போதோ, பெரிய கேம் ஆடும்போதோ கம்ப்யூட்டர் ஃபேன் 'உய்ய்ய்' என்று கத்த ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் பிராசஸர் சூடாகிவிட்டது என்பதற்கான அறிகுறி அது. இந்தச் சூட்டைத் தணிக்கத்தான் சிலர் 'வாட்டர் கூலிங்' பக்கம் போகிறார்கள். அதிலும் சிலர், கடையில் வாங்காமல் முக்கியமான பாகமான 'வாட்டர் பிளாக்'கை பட்டறையில் கொடுத்து சொந்தமாகவே செய்துகொள்கிறார்கள்.

அது எப்படித் தயாராகிறது? எங்கே தப்பு நடக்கும்? பார்க்கலாம் வாங்க.

வாட்டர் பிளாக் என்றால் என்ன?

பிராசஸர் மேல் உட்காரும் ஒரு சின்ன செம்புக் கட்டிதான் வாட்டர் பிளாக். அடிப்பக்கம் பிராசஸரைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் ஓட வழி இருக்கும். பிராசஸரின் சூடு செம்புக்கு ஏறும், செம்பிலிருந்து தண்ணீருக்குப் போகும். பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஃபேன் காற்றில் ஆறி, தண்ணீர் மறுபடியும் திரும்பி வரும். கார் இன்ஜினில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

இது புது விஷயம் இல்லை. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரே தண்ணீரால் குளிர்விக்கப்பட்டதுதான்.

காற்று போதாதா?

நிறைய பேருக்குப் போதும். 65 வாட் பிராசஸர் வைத்திருப்பவருக்கு நல்ல ஏர் கூலரே தாராளம். ஆனால் இன்டெல் கோர் ஐ9-13900கே போன்ற பிராசஸர் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். அதாவது மூன்று ஃபேன் இழுக்கும் மின்சாரம், தபால்தலை அளவுகூட இல்லாத ஒரு சில்லில் சூடாக மாறுகிறது.

தண்ணீரின் பலம் இங்கேதான் தெரியும். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினால் போதும். 200 வாட் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகும் அந்தத் தண்ணீரின் வெப்பம் சுமார் 3 டிகிரிதான் கூடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர், அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. மே மாத வெயிலில் அறையே 36 டிகிரி இருந்தால், தண்ணீர் அதைவிட சில டிகிரி அதிகமாகத்தான் இருக்கும். வாட்டர் கூலிங் என்பது ஃபிரிட்ஜ் இல்லை.

ஏன் செம்பு?

செம்பின் வெப்பம் கடத்தும் திறன், பட்டறைகளில் அதிகம் புழங்கும் 6061 ரக அலுமினியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பிராசஸரின் நடுவில் கிளம்பும் சூட்டைச் சட்டென்று நாலாபக்கமும் பரப்ப அது உதவும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் மெல்ல அரித்துப்போகும். ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் இருந்தால், பிளாக்கிலும் தண்ணீர் படும் இடத்தில் செம்பு அல்லது பித்தளைதான் இருக்க வேண்டும். தண்ணீர் படாத வெளிப்பக்கக் கிளாம்ப் அலுமினியமாக இருந்தால் பிரச்சினை இல்லை.

60 மி.மீ நீளம், 60 மி.மீ அகலம், 10 மி.மீ கனம் கொண்ட செம்புத் தகடு சுமார் 320 கிராம் இருக்கும். ஒரு பிளாக்குக்கு இது போதும்.

பட்டறையில் என்ன நடக்கும்?

இது லேத்தில் முடிகிற வேலை இல்லை. மில்லிங் மெஷின் அல்லது வி.எம்.சி. வேண்டும். கோவை, அம்பத்தூர் போன்ற இடங்களில் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளில் இந்த மெஷின்கள் உண்டு. தெளிவான டிராயிங் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

முதலில் தகட்டின் இரண்டு பக்கமும் சமமாக மில் செய்யப்படும். அடுத்து உள்பக்கத்தில் வரிவரியாகக் காடி வெட்டுவார்கள். நிற்கும் மெல்லிய சுவர்கள்தான் 'ஃபின்'.

காடி எதற்கு? ஒரு சின்னக் கணக்கு. நடுவில் 30-க்கு 30 மி.மீ இடம் வெறும் சமதளமாக இருந்தால், தண்ணீர் தொடும் பரப்பு 900 சதுர மி.மீ. அதே இடத்தில் 1 மி.மீ அகலம், 3 மி.மீ ஆழத்தில் 15 காடி போட்டால், பக்கச் சுவர்களால் மட்டும் 2,700 சதுர மி.மீ கூடும். மொத்தம் 3,600. நான்கு மடங்கு! கடையில் விற்கும் பிளாக்குகளில் காடிகள் இன்னும் பல மடங்கு நுணுக்கமாக இருக்கும்.

காடிக்குக் கீழே சுமார் 2 மி.மீ கனம் மிஞ்சும்படி விடுவது நல்லது. ரொம்ப மெல்லிசாக்கினால் போல்ட் முறுக்கும்போது அடித்தகடு வளைந்துவிடும்.

செம்பு வெட்டுவதற்குக் கொஞ்சம் பிடிவாதமான உலோகம். மென்மையாக இருப்பதால் கட்டரில் ஒட்டிக்கொள்ளும். டூல் கூர்மையாக இருக்கணும், கூலன்ட் தாராளமாக ஓடணும். இல்லையென்றால் 1 மி.மீ கட்டர் பட்டென்று உடையும். வேலை முடிந்ததும் காடிக்குள் பிசிறு, சீவல் எதுவும் தங்காமல் கழுவ வேண்டும். ஒரு துணுக்கு தங்கினாலும் தண்ணீர் ஓட்டம் தடைபடும்.

மூடி எதில் செய்வது?

பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது அசிட்டால் பிளாஸ்டிக்கில் செய்வார்கள். அக்ரிலிக் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியும். ஆனால் அதிகம் முறுக்கினால் விரிசல் விடும். ஸ்பிரிட், ஆல்கஹால் போட்டுத் துடைத்தாலும் விரிசல் வரலாம். முதல்முறை செய்பவர்களுக்கு அசிட்டால் பாதுகாப்பு.

தண்ணீர்க் குழாய் மாட்டும் துளைக்கு 'ஜி1/4' என்ற மரைதான் இந்தத் துறையில் வழக்கம். 11.8 மி.மீ துளை போட்டு டேப் போட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் நடுவில் ஃபின்களுக்கு நேர் மேலே விழுந்து, இரண்டு பக்கமும் பிரிந்து வெளியேறும்படி வழி அமைத்தால், சூடு அதிகமுள்ள இடம் முதலில் குளிரும்.

உண்மையான சிக்கல் எங்கே?

எல்லோரும் கவலைப்படுவது 'எத்தனை டிகிரி குறையும்' என்றுதான். ஆனால் கவனம் இருக்க வேண்டிய இடம் வேறு: கசிவு.

காரணம் எளிது. பிளாக் சரியாகக் குளிர்விக்காவிட்டால் பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். இந்த இன்டெல் பிராசஸருக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ்-க்கு 95 டிகிரி. அந்த எல்லை வந்ததும் வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் சிஸ்டமே அணைந்துவிடும். ஆனால் பிளாக் கசிந்தால்? கீழேயே இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் தண்ணீர் சொட்டும். அதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஆப்பிள் 2004-ல் கொண்டுவந்த, திரவத்தால் குளிரும் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்கள் சிலவற்றிலும் பின்னாளில் கசிவு ஏற்பட்டது.

அதனால் மொத்த வேலையிலும் முக்கியமானது, சில ரூபாய் மதிப்புள்ள ஓ-ரிங்தான். 2 மி.மீ கனமுள்ள ஓ-ரிங்குக்குக் காடி ஆழம் சுமார் 1.5 மி.மீ, அகலம் சுமார் 2.7 மி.மீ. மூடியை முறுக்கும்போது ரிங் கால்வாசி நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காடி ஆழம் கூடினால் நசுங்காது, கசியும். குறைந்தால் மூடியே சரியாக உட்காராது. போல்ட் துளைகள் எல்லாமே ஓ-ரிங்குக்கு வெளியேதான் இருக்கணும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும்.

பளபளப்பு வேண்டுமா?

வேண்டாம், சமதளம்தான் வேண்டும். கனமான கண்ணாடி மேல் எமரி ஷீட்டை விரித்து, 400, 800, 1200 என்று வரிசையாகத் தேய்ப்பார்கள். முதலில் அடிப்பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டு இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பாருங்கள். மை எங்கே அழியவில்லையோ அங்கே பள்ளம். முகம் தெரியும் அளவுக்கு மினுக்கினாலும், நடுவில் பள்ளம் இருந்தால் பயனில்லை. நுண்ணிய இடைவெளியைத் தெர்மல் பேஸ்ட் நிரப்பும், பள்ளத்தை அல்ல.

மாட்டுவதற்கு முன் அளவு பாருங்க

இன்டெல் எல்ஜிஏ1700 போர்டில் மாட்டும் துளைகள் 78-க்கு 78 மி.மீ இடைவெளியில் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டில் 90-க்கு 54 மி.மீ. கிளாம்ப் வெட்டுவதற்கு முன் இதைச் சரிபார்க்காவிட்டால், பிளாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போர்டில் உட்காராது.

சோதனை: இதை மட்டும் தவிர்க்காதீங்க

பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களே, அதே முறைதான். ஒரு துளையை அடைத்துவிட்டு, இன்னொன்றில் கேஜ் உள்ள பம்பால் சுமார் அரை பார், அதாவது 7 பி.எஸ்.ஐ காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் அங்கே கசிவு. அழுத்தத்தை அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், மூடி உடையலாம்.

அடுத்து பம்ப், ரேடியேட்டர், குழாய் எல்லாவற்றையும் இணைத்து, கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ஒரு ஈரப்புள்ளி தெரிந்தாலும் கழற்றி மறுபடி பாருங்கள். உள்ளே மாட்டிய பிறகும், மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் சில மணி நேரம் இதையே செய்வது நல்லது.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு, ஃபின்களுக்கு நடுவே வெள்ளையாகப் படிந்து அடைக்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டருடன், பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க இதற்கென விற்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். அல்லது ரெடிமேட் கூலன்ட் ஊற்றலாம்.

செய்யலாமா, வேண்டாமா?

காசு மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம். ஒரே ஒரு பீஸுக்காக மெஷினை செட் செய்யும் கூலியே, கடைப் பொருளின் விலையைத் தாண்டிவிடலாம். உங்கள் போர்டுக்கு ஏற்ற பிளாக் கடையில் கிடைக்கவில்லை, அல்லது மில்லிங் வேலை கற்றுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாக இறங்கலாம்.

ஆனால் முதல் பிளாக்கைப் புது கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்காதீர்கள். பரணில் கிடக்கும் பழைய மதர்போர்டு ஒன்றில் சில வாரம் ஓடட்டும். அதுவரை டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருந்தால், அப்புறம் புதியதில் மாட்டலாம்.